ஏழாவது வெங்காயம்

கூடாரத்தின் ஒரு பக்கத் துணியைக் காற்றுக்காகச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள். குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேர்: என் அக்கா, அத்தான், அவர்களுடைய சிநேகிதி டொரீன், நான். அந்தப் பக்கம், மரக்கறிகள் பரப்பிய நீண்ட மேசைகளுக்கு அப்பால், பச்சைக் கழுத்துப்பட்டி கட்டிய நடுவர்.

நடுவர் தன் உதவியாளருடன் பேசிக்கொண்டே மேசை மேசையாக வந்தார். எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்கிற தூரமும் இல்லை. போதாததற்கு வெளியே புல்வெளியில் பித்தளை வாத்தியக் குழு ஒன்று முழங்கிக்கொண்டிருந்தது.

"என்னவாம்?" என்றார் அத்தான்.

"பொறு சிவா. மனுசன் இன்னும் பீற்றூட்டைத்தான் சுத்திச் சுத்திப் பாக்குது," என்றார் டொரீன், கண்ணை எடுக்காமல். "'தோல் சரியில்லை' எண்டுறார். 'ஆனா நிறம் நல்லம்' எண்டுறார்."

டொரீனுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் நடுவரின் உதடுகளை வாசித்துக்கொண்டிருந்தார்.

அத்தானின் வெங்காயத் தட்டு கடைசி மேசையில் இருந்தது. முதற் பரிசுக்குரிய சிவப்பு அட்டை அதற்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருந்தது. அதைச் சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

டொரீன் பேசியது இங்கிலாந்தின் வடக்கே பேசும் ஆங்கிலம். லண்டன்காரர்களே அதை இரண்டாம் தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொள்வார்கள். அதை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதினால்தான் அதன் குணம் வரும் என்று எனக்குப் படுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

நூல் ஊர்

அக்காவும் அத்தானும் இருக்கிற ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. "பேப்பரிலை போட்டியெண்டால் எங்கடை அளவெட்டியிலை இருந்து பஸ் பிடிச்சு வந்து நிப்பாங்கள்" என்று அத்தான் தடை போட்டுவிட்டார்.

ஒரு பள்ளத்தாக்கு. அதன் அடியில் ஒரு ஆறு, ஆற்றோடு ஒட்டினாற்போல் ஒரு கால்வாய், இரண்டுக்கும் நடுவே பருத்தி ஆலைகள். ஒரு காலத்தில் உலகத்தில் பாதிப்பேரின் சட்டைத்துணி இப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான் வந்தது என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். சரிபார்க்க என்னிடம் வழியில்லை. ஆலைகளின் உயரத்தைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருந்தது.

நான் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வந்த ஒரு ஓகஸ்டில் அங்கே போனேன். ரயிலால் இறங்கியதும் கண்ணில் பட்டவை புகைபோக்கிகள். சின்ன வயதில் காங்கேசன்துறைப் பக்கம் ஒரேயொரு ஆலைப் புகைபோக்கியைப் பார்த்து வாயைப் பிளந்தவள் நான். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று நின்றது. ஒன்றிலும் புகை இல்லை. ஒன்றின் உச்சியில் ஒரு சின்ன மரம் முளைத்து, காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

வீடுகள் எல்லாம் கல். ஆலைப் புகை குடித்துக் குடித்துக் கறுத்த கல். யாராவது காசு செலவழித்துச் சுவரைக் கழுவியிருந்தால் அடியிலிருந்த நிறம் தெரியும்: அவித்த பனங்கிழங்கின் நிறம். ஒரே வரிசையில் ஒரு வீடு கறுப்பு, பக்கத்து வீடு பனங்கிழங்கு. அந்தத் தெருவில் நடப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆலைகளை அவர்கள் இடிக்கவில்லை. ஒன்று குடியிருப்பு. இன்னொன்றில் தளபாடக் கடை. மூன்றாவதின் உள்ளே செயற்கைப் பாறைச் சுவர்கள் கட்டி, இளம் பெடிபெட்டையள் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"முந்தி உதுக்குள்ளை ஏணியிலை ஏறினவனுக்குச் சம்பளம் குடுத்தவங்கள்," என்றார் அத்தான். "இப்ப ஏறுறவன் காசு குடுக்கிறான். உதுதான் முன்னேற்றம்."

அத்தான் தெல்லிப்பழைப் பக்கத்து வெங்காயக் கமக்காரர் வீட்டுப் பிள்ளை. இளந்தாரியாக இங்கிலாந்துக்குப் போனார். ஓய்வுபெறும் வரைக்கும் அந்த ஊரிலிருந்து மலை மேலுள்ள கிராமங்களுக்குப் பஸ் ஓட்டினார். அங்கே கிழவிகள் பஸ்ஸில் ஏறும்போது சாரதியை 'லவ்' என்று கூப்பிடுவது வழக்கம். கடைக்காரரும் அப்படித்தான், தபால்காரரும் அப்படித்தான். அதற்கு ஒரு பொருளும் இல்லை, எங்கள் 'ராசா' மாதிரி.

இது அக்காவுக்கு முதல் வருஷம் தெரியாது. ஒருநாள் அவள் பஸ்ஸில் போகும்போது டொரீன் ஏறி, "எப்பிடி இருக்கிறாய், லவ்?" என்று அத்தானைக் கேட்டிருக்கிறார். அக்கா இறங்கும் வரைக்கும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாளாம்: "ஆரப்பா உவ, வெள்ளைக்காரி? என்ரை மனுசனை லவ் எண்டு கூப்பிட உவவுக்கு ஆர் உரிமை குடுத்தது?"

இப்போது அக்காவுக்கு அந்த ஊரில் மிக நெருங்கிய சிநேகிதி டொரீன். அக்காவையும் அவர் 'லவ்' என்றுதான் கூப்பிடுகிறார். அக்கா பதிலுக்கு 'ராசாத்தி' என்கிறாள். டொரீனுக்கு அந்தச் சொல்லின் உச்சரிப்பு நன்றாக வருகிறது.

வாயைப் பார்த்துக் கதைக்கிறவர்கள்

டொரீன் பள்ளிக்கூடம் விட்ட கையோடு தறிக்குப் போனவர். ஆலைகளில் ஒன்றை நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள். தறிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டுவது அவர்தான். நான் போன மூன்றாம் நாளே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

எண்ணெயும் பஞ்சும் கலந்த சூடான மணம். கூரைக்கடியில் நீளமான இரும்புத் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் தோல் பட்டி. டொரீன் ஒரு கைப்பிடியை இழுத்தார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். நான்கு தறிதான் ஓடின. அந்த மண்டபத்தில் ஒரு காலத்தில் அத்தனை தறியும் ஒன்றாக ஓடினவை.

சத்தத்தை விட எனக்கு நினைவில் நின்றது நிலம் அதிர்ந்ததுதான். சப்பாத்துக்குள்ளால் அது முழங்கால் வரைக்கும் ஏறியது. உடனே யாழ்ப்பாணத்தில் எங்கள் பத்திரிகைக் கந்தோர் நினைவுக்கு வந்தது.

எங்கள் அச்சியந்திரத்தைப் பற்றி இதே பக்கத்தில் போன கிழமை எழுதியிருந்தேன். அது கீழே ஓடத் தொடங்கினால் மேல்மாடியில் என் மேசையில் தேத்தண்ணி தளும்பும். அதன் பக்கத்தில் நின்று யாரும் பேசமுடியாது. மெசின் பார்த்தவர் மூக்கைப் பிடித்தால் மை கூடிப்போயிற்று என்று அர்த்தம். கழுத்தில் கை வைத்தால் நிறுத்து. போர்க்காலத் தடையால் கடதாசி வராத காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் பேப்பர் அடித்தோம். அப்போது அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்: இவ்வளவுதான் இருக்கு, செய்தியைக் குறை. ஒரு சொல் இல்லாமல் ஒரு பத்தி போய்விடும்.

தறி நின்ற பிறகு இதை டொரீனிடம் சொன்னேன். அவருக்குச் சரியான சந்தோசம்.

"நாங்கள் கை பாவிக்க ஏலாது, லவ். கையிலை நூல். வாயாலைதான் எல்லாம்," என்றார். பிறகு சத்தமே இல்லாமல், முகம் முழுவதையும் அசைத்து ஏதோ சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு ஊர் அளவுக்கு விரிந்தது. எனக்கே விளங்கியது: 'பசிக்குதோ?'

"மண்டபத்தின்ரை அந்த மூலையிலை நிண்டு ஆர் ஆரைப்பற்றி வம்பு கதைச்சாலும் இந்த மூலையிலை எங்களுக்குத் தெரியும். மேலாளருக்கு மட்டும் ஒண்டும் தெரியாது. அந்தாளுக்குக் காது மட்டும்தானே இருந்தது."

அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. ரயில் நிலையத்தில் எதிர் மேடையில் நிற்கும் புருசன் பெண்சாதி என்ன சண்டை பிடிக்கிறார்கள் என்று சொல்வார். தொலைக்காட்சியில் உதைபந்தாட்டக்காரர் நடுவருக்கு என்ன சொல்லித் திட்டினார் என்பதும் தெரியும்.

"ஒண்டு மட்டும்தான் எனக்கு இண்டைவரைக்கும் பிடிபடேல்லை," என்று அத்தானைக் காட்டினார். "உவன் பஸ் ஓட்டேக்கை, முன்னாலை ஆராவது காரைக் குறுக்கை விட்டால், கண்ணாடியிலை பாப்பன், வாய் என்னவோ சொல்லும். கனக்கச் சொல்லும். கேட்டால் சாமிப் பாட்டாம்."

"ஓம், தேவாரம்தான்," என்றார் அத்தான்.

"தேவாரமோ!" என்றாள் அக்கா, என் பக்கம் திரும்பி. "வாய் கூசாமல் சொல்லுறார் பாரன், கமலி."

பஸ் கண்ணாடிக்குள்ளால்

ஊரிலிருந்து மேலே ஏறினால் கொஞ்ச நேரத்திலேயே வீடுகள் முடிந்துவிடும். பிறகு புல், ஆடு, கல்வேலி. சாந்து இல்லாமல் கல்லை அடுக்கியே கட்டிய வேலிகள், மலையின் மேலும் கீழும் கோடு கிழித்தமாதிரி ஓடுகின்றன. நெடுந்தீவுக்குப் போனவர்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. அங்கே கல் முருகைக்கல், இங்கே இது மணற்கல். அடுக்குகிற யோசனை ஒன்றுதான்.

கல்வேலிகளுக்கும் மேலே மரமே இல்லாத மேட்டுநிலம். ஓகஸ்டில் அது முழுவதும் ஒரு சின்னச் செடி ஊதா நிறத்தில் பூக்கிறது. படத்தில் பார்த்தபோது யாரோ நிறத்தைக் கூட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கூட்டவில்லை.

அந்தப் பாதையில்தான் அத்தான் பஸ் ஓட்டினார். ஒவ்வொரு வருஷமும் ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை, மேலே ஒரு கிராமத்து வயலில் விவசாயக் கண்காட்சி நடக்கும். அன்றைக்குப் பஸ் முழுக்கச் சனமும் சாமானும்தான். மடியில் கேக் வைத்திருப்பவர், பூசணிக்காய்க்குத் தனி ஆசனம் பிடித்தவர், கூடைக்குள் சேவல். எல்லோரும் வயல் வாசலில் இறங்குவார்கள். அத்தான் கதவைச் சாத்திவிட்டு அடுத்த கிராமத்துக்கு ஓட்டவேண்டும். வெள்ளைக் கூடாரங்களையும் மரக்கறி மேசைகளையும் அவர் பார்த்ததெல்லாம் பஸ் கண்ணாடிக்குள்ளால்தான்.

"எங்கடை ஐயா கண்டிருந்தால் சிரிச்சிருப்பார்," என்று எனக்குச் சொன்னார். "உவங்கள் வெங்காயத்துக்குப் பரிசு குடுக்கிறாங்கள், கமலி. வெங்காயத்துக்கு! நாங்கள் லொறி லொறியா ஏத்தினனாங்கள், ஒருத்தன் ஒரு அட்டை தந்தவனோ?"

ஓய்வுபெற்ற மறுமாதம் நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டு ஒன்றை எடுத்தார். பக்கத்துத் துண்டுக்காரர்கள் ரோசாவும் முட்டைக்கோவாவும் வைத்தபோது இவர் வரம்பு கட்டி, பாத்தி பிரித்து, சின்ன வெங்காயம் நட்டார். முதல் வருஷம் தட்டில் ஆகப் பெரியதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. பெரிசு முக்கியமில்லை, எல்லாம் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த வருஷம் மழை. அழுகிப்போயிற்று.

நான் போனது அதற்கடுத்த வருஷம். அதுதான் கடைசி முறை என்றும் முடிவாகியிருந்தது.

மகள் அபி லண்டனில் இருக்கிறாள். வயதுபோன இரண்டுபேரும் இவ்வளவு தூரத்தில் தனியே இருப்பது அவளுக்குப் பயம். தன் வீட்டோடு வந்துவிடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். அத்தான் ஒரு தவணை கேட்டார். "ஒரே ஒரு சிவப்பு அட்டை. அதை வாங்கிப்போட்டு வாறன்." அபி சரி என்றாள். அட்டை கிடைத்தாலென்ன, கிடைக்காவிட்டாலென்ன, கண்காட்சி முடிந்ததும் தோட்டத்தைத் திருப்பிக் கொடுப்பது, பனி விழுவதற்கு முன் லண்டன். இதுதான் பேச்சு.

நான் இரண்டு விசயங்களைக் கவனித்தேன். கண்காட்சிக்கு முந்தின கிழமை அத்தான் ஒரு பண்ணைக்காரரிடம் வண்டி நிறையக் குதிரை எரு இறக்குவித்து, தோட்டத்து மூலையில் குவித்து மூடினார். அது மக்கி வர அடுத்த வசந்தமாகும். அக்கா குசினி யன்னலுக்குப் புதுத் திரை தைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. புருசன் பெண்சாதிக்கிடையில் ஒருவருக்கொருவர் சொல்லாத செய்தியை மூன்றாம் ஆள் முதலில் வெளியிடக்கூடாது.

அபியின் வளையல்

கண்காட்சிக்கு முதல்நாள் குசினி மேசை முழுவதும் வெங்காயம். அபி சின்னப்பிள்ளையாக இருந்தபோது போட்ட வளையல் ஒன்றை அத்தான் அளவுகோலாக வைத்திருந்தார். வளையலுக்குள்ளால் இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் போகிற வெங்காயம் மட்டும் ஒரு பக்கம். மற்றதெல்லாம் அக்காவின் சம்பலுக்கு.

தேர்ந்தவற்றின் தாளை மடித்து, வைக்கோல் நிற நாரால் சுற்றிக் கட்டினார். வட்டத் தட்டில் காய்ந்த மணலைப் பரப்பி அதன் மேல் வைக்கவேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். விதிப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"நீ காலம் முழுக்கப் புரூவ் பாத்த ஆள். ஒருக்கால் வாசி. ஏதும் பிழை விட்டிட்டனோ?"

வாசித்தேன். சின்ன வெங்காயம், ஆறு, ஒரு தட்டில். தட்டில் ஆறு இருந்தது. வட்டமாக, ஒன்றையொன்று முட்டாமல். "பிழை இல்லை அத்தான்," என்றேன்.

"ஆறு," என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். இரவு சாப்பிடும்போதும் ஒருதரம் சொன்னார். காலையில் காரை எடுக்கும்போதும் சொன்னார்.

வயலில் கூடாரத்துக்குள் தட்டை வைத்து, மணலை ஒரு சின்னத் தூரிகையால் சமப்படுத்திவிட்டு, அக்காவைக் காவல் வைத்து, அத்தான் காரை நிறுத்தப் போனார். நான் ஆடு பார்க்கப் போனேன். முகம் கறுத்து உடல் வெளுத்த ஆடுகள், கொம்பு சுருண்ட கடாக்கள். ஒரு ஆள் ஆட்டுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்தபோது கூடாரத்தை நடுவருக்காக மூடிவிட்டார்கள்.

புல்வெளியில் வாத்தியக் குழு தொடங்கியது. அந்தக் குழுவுக்கு ஒரு ஆலையின் பெயர். ஆலை மூடி எவ்வளவோ காலம், குழு மட்டும் இன்னும் ஊதுகிறது என்றார் டொரீன். அத்தான் கொஞ்ச நேரம் காது கொடுத்தார். "நல்லாத்தான் ஊதுறாங்கள்," என்றார். "ஆனா ஒரு தவில் வேணும். தவில் இல்லாமல் என்ன மேளம்?" தவிலுக்குப் பேர்போன அளவெட்டியில் பெண் எடுத்தவர் வேறென்ன சொல்வார்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

நடுவர் பீற்றூட்டை முடித்துத் தக்காளிக்கு வந்தார். தக்காளியில் ஒருவருக்குக் குட்டு, ஒருவருக்குச் சபாஷ். கரட்டில் அவர் சொன்னதை டொரீன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். பிறகு வெங்காய மேசை.

ஒவ்வொரு தட்டாகக் குனிந்தார். அத்தானின் தட்டுக்கு வந்ததும் நிமிர்ந்து, உதவியாளரைக் கையால் கூப்பிட்டார்.

டொரீன் அத்தானின் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். "'இஞ்சை வந்து பார்' எண்டுறார். சிவா! 'இதுதான்' எண்டுறார். 'ஒரே அச்சிலை வார்த்தமாதிரி. நான் கண்டதுக்குள்ளை...'"

நடுவரின் கை சட்டைப் பைக்குள் போனது. பாதியில் நின்றது. மறுபடி குனிந்தார். ஒரு விரல் தட்டின் மேல் மெல்ல வட்டம் போட்டது. அவர் உதடு அசைந்ததை வாசிக்க எனக்கு டொரீன் தேவைப்படவில்லை. எண்ணுகிற வாய் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

டொரீன் அத்தானின் முழங்கையை விட்டார்.

"என்ன, டொரீன்? சொல்லு."

"ஏழு எண்டுறார், லவ்."

"ஏழோ? ஆரின்ரை தட்டிலை?"

"உன்ரை தட்டிலை."

"விசரோ உந்தாளுக்கு! நான் ஆறுதானே வைச்சனான். கமலி, நீ பாத்தனி. ஆறுதானே?"

"ஆறுதான் அத்தான்."

அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மற்றதை நான்தான் வைச்சனான்," என்றாள்.

"என்னது?"

"நீங்கள் காரை விடப் போன நேரம். ஆறும் சுத்திவர இருக்க நடுவிலை பாழாக் கிடந்தது. மிச்சமாக் கொண்டுவந்ததிலை ஒண்டு கையிலை இருந்தது. வைச்சுப் பாத்தன். அளந்து வைச்சமாதிரி இருந்திட்டுது."

"ஏனப்பா? எத்தினை தரம் ஆறு ஆறு எண்டு சொன்னனான்!"

"நீங்கள் சொல்லுவியள். நல்ல காரியத்துக்கு ஆர் இரட்டையாத் தட்டம் வைக்கிறவை? எங்கடை வீட்டிலை ஆரேனும் வைச்சவையோ? செத்தவீடே இது?"

இது உண்மை. எங்கள் வீட்டில் கல்யாணத் தட்டமானாலும், தட்டில் வைக்கிற பழமானாலும் ஒற்றைப்படைதான். கடைசி நேரத்தில் யாராவது எண்ணிப் பார்த்து ஒரு எலுமிச்சம்பழத்தையாவது சேர்த்துவிடுவார்கள். அக்கா அதை யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்துவிட்டது.

"என்ன கதைக்கிறியள்?" என்றார் டொரீன், இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்து. "எனக்கு ஒரு இழவும் பிடிபடேல்லை."

நான் விளங்கப்படுத்தினேன். அதற்குள் அத்தான் கயிற்றை விட்டுவிட்டு ஆட்டுப் பட்டிகளின் பக்கம் நடந்துபோனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலை ஆட்டிய கடா ஒன்றின் முன்னால் நின்றார்.

"கோவமோடி?" என்று அக்கா கேட்டாள். "இந்த மனுசன் ஒரு அட்டைக்காக எவ்வளவு பாடுபட்டது. நான் கெடுத்திட்டன்."

நான் அத்தானைக் கவனித்தேன். எங்கள் பக்கம் முதுகு. தோள் கனத்துத் தொங்கவில்லை. கடாவுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தேவாரம் மாதிரித் தெரியவில்லை. திட்டு மாதிரியும் தெரியவில்லை.

செத்தவீட்டுக் கணக்கு

கூடாரத்தைத் திறந்ததும் சனம் உள்ளே நெருக்கியடித்தது. பாதிப்பேர் அத்தானின் பஸ்ஸில் போய்வந்தவர்கள். "சிவா, உன்ரை எங்கை?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். தட்டின் முன்னால் ஒரு வெள்ளை அட்டை. 'விதிப்படி இல்லை' என்று அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே பென்சிலால் எழுதியிருந்தது: 'மேசையில் இதுவே சிறந்தது. வருந்துகிறேன்.'

நடுவர் பக்கத்திலேயே நின்றார். மேட்டுநிலத்துப் பண்ணைக்காரர், காற்றில் சிவந்த முகம்.

"இதை வளர்த்தது நீங்களோ?" என்று அத்தானைக் கேட்டார். "இவ்வளவு நுணுக்கமாச் செய்த ஆளுக்கு ஆறு எண்ணத் தெரியாமல் போகாது. எனக்கு விளங்கேல்லை. ஏன் ஏழு?"

அத்தான் வாயைத் திறந்தார். அக்கா முந்திவிட்டாள். என்னை மொழிபெயர்க்கவும் விடவில்லை. கடை கண்ணிகளில் பழகிய தன் ஆங்கிலத்தில், தலையை நிமிர்த்திச் சொன்னாள்:

"ஆறு செத்தவீட்டுக்கு. இண்டைக்கு இஞ்சை ஆரும் சாகேல்லை."

நடுவர் அக்காவைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். முதலிலிருந்து கடைசி வரைக்கும் வரிசையாகத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஆறு ஆறாக வெங்காயம்.

"கடவுளே," என்றார். "அப்ப இவ்வளவு காலமும் நான் செத்தவீட்டுக்கோ வந்து போனனான்?"

முதலில் சிரித்தது அத்தான். குனிந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நடுவர், பிறகு டொரீன், பிறகு விசயம் தெரியாமலே பஸ் சனம். முதற் பரிசு பெற்ற ஆள் தன் தட்டிலிருந்த ஆறையும் சந்தேகத்தோடு பார்த்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கல்வேலிக்கு மேலே

அக்கா கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை மேட்டுநிலத்து விளிம்பில், ஒரு கல்வேலியின் காற்றுப்படாத பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். இடியப்பம், கத்தரிக்காய்ப் பொரியல், வளையலுக்குள் அடங்காத வெங்காயத்தில் இடித்த சம்பல். டொரீன் சம்பலை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. போதுமா என்றால் இல்லை என்று தலையாட்டினார். வாய் பேசுகிற நிலையில் இல்லை.

பின்னால் ஊதாப் பூ. கீழே முழு ஊரும் தெரிந்தது: கால்வாய் ஒரு கோடு, கறுப்பு வீடுகளும் பனங்கிழங்கு வீடுகளும், நிமிர்ந்து நிற்கும் புகைபோக்கிகள். மரம் முளைத்ததை அத்தான் எனக்கு விரலால் காட்டினார்.

பிறகு தொண்டையைச் செருமினார்.

"இஞ்சாருமப்பா. ஒரு கதை."

"என்ன?"

"அட்டை இல்லாமல் நான் எப்பிடி லண்டனுக்குப் போறது? அபிக்குச் சொன்ன சொல்லு ஒண்டு இருக்கெல்லே. அட்டையை வாங்கிப்போட்டு வாறன் எண்டுதானே சொன்னனான். இன்னும் ஒரு வருஷம்... எருவும் கிடக்கு. சும்மா வீணாப்போகும்."

அக்கா இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "அபிக்கு நான் போன கிழமையே சொல்லிப்போட்டன்," என்றாள்.

"என்னத்தை?"

"எங்களுக்கு அறை ஒதுக்காதை எண்டு. வேணுமெண்டால் நீ சனி ஞாயிறிலை வந்து பாத்திட்டுப் போ எண்டு. அங்கை போய் நான் ஆரோடை கதைக்கிறது? இஞ்சை ராசாத்தி இருக்கிறா. நீங்கள் போகத் துடிக்கிறியள் எண்டு நினைச்சுத்தான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டனான்."

"நானோ? துடிக்கிறனோ?"

"பின்னை? அட்டை அட்டை எண்டு நிண்டது ஆர்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சம்பல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா," என்றேன். "உண்மையைச் சொல்லு. அந்த ஏழாவதை நீ தெரிஞ்சுதானே வைச்சனி?"

"போடி விசரி! சாமி சத்தியமா நல்ல காரியமெண்டுதான் வைச்சனான்." கொஞ்சம் யோசித்தாள். "நல்லதாத்தானே முடிஞ்சுது."

எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் பிடிபடாத டொரீன், மூவர் முகத்தையும் பார்த்து, வேண்டியதை வாசித்துக்கொண்டார். "அப்ப நீங்கள் போகேல்லை," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

வெள்ளை அட்டை இப்போது அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், புதுத் திரை போட்ட யன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இந்த வருஷம் மாசிப் பனி முடிகிற நேரம், அளவெட்டியில் எங்கள் அயலில் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க அந்த மணம். நான் வாசலில் நின்றபோது கைத்தொலைபேசியில் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். கண்காட்சியின் புது விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம். பழக்க தோசத்தில் மேலிருந்து கீழே சரிபார்த்தேன். தக்காளி பழையபடி ஆறு. பீற்றூட் பழையபடி நான்கு. ஒரேயொரு வரிதான் மாறியிருந்தது.

சின்ன வெங்காயம், ஏழு, ஒரு தட்டில்.

நான் படித்து முடிக்குமுன் அழைப்பு வந்துவிட்டது.

"பாத்தனியே?" என்றாள் அக்கா. "எல்லாம் சரி. ஆனா எனக்குப் பயமாக் கிடக்கடி. உந்த மனுசன் ஆறு ஆறு எண்டு பாடமாக்கின மனுசன். கண்காட்சி அண்டைக்கு என்னைக் கிட்ட விடாமல், தானே போய் நிண்டு, திரும்பவும் ஆறை வைச்சுப்போடும். நீ ஓகஸ்டுக்கு வா. வந்து ஒருக்கால் எண்ணிப்போட்டுப் போ."